உங்களுக்குத் தெரியுமா? புது யோசனைக்குப் பல வாசல்கள்

"ஒரு ஐடியாவும் வரமாட்டேங்குதே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே இந்தப் பகுதி. உண்மையில் யோசனை வராமல் இருப்பதில்லை. வந்த முதல் யோசனையோடு நாம் நின்றுவிடுகிறோம். நமக்கு முதலில் தோன்றுவது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தோன்றியிருக்கும். அதைத் தாண்டிப் போகப் பலர் கண்ட வழிகள் இவை.

செங்கல் ஒன்று போதும்

கற்பனைத் திறனை உளவியலாளர்கள் கண்டுகொள்வதே இல்லையே என்று 1950-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தில் ஆதங்கப்பட்டவர் ஜே.பி. கில்ஃபோர்டு. அதை அளக்க அவர் பரப்பிய சோதனை மிக எளிது: ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? சுவர் கட்டலாம், அடுப்புக் கூட்டலாம், கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். பொடித்துப் பித்தளைப் பாத்திரம் துலக்கலாம், கோலத்துக்குக் காவி இழுக்கலாம், தண்ணீரில் ஊறவைத்துப் பறவைகளுக்கான தண்ணீர்க் கிண்ணத்தைக் குளுமையாக வைத்திருக்கலாம் என்று போகும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது.

பாதியில் எழுந்துவிடாதீர்கள்

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூகாஸ், நோர்ட்கிரென் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இது. சிறிது நேரம் யோசனை சொல்லவைத்து, "இன்னும் இவ்வளவு நேரம் கொடுத்தால் எத்தனை வரும்?" என்று கேட்டார்கள். 'சரக்கு தீர்ந்துவிட்டது' என்கிற நினைப்பில் எல்லோரும் குறைவாகவே சொன்னார்கள். ஆனால் தொடர்ந்து உட்கார்ந்தபோது அவர்கள் சொன்னதைவிட அதிகமாகவே வந்தது. பின்னால் வந்தவற்றில் புதுமையும் கூடுதலாக இருந்தது. அலுப்பு தட்டும் அந்த இடத்தில்தான் நம்மில் பலர் பேனாவை மூடிவைக்கிறோம்.

மாதிரியைப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம்

காபி சிந்தாத, விலை குறைந்த கோப்பை ஒன்றை வடிவமைக்கும்படி பொறியியல் மாணவர்களிடம் கேட்டார்கள் ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள். ஸ்ட்ரா கூடாது என்பது நிபந்தனை. ஒரு குழுவுக்கு மட்டும் ஸ்ட்ரா வைத்த மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கூடாது என்று தெரிந்தும், படத்தைப் பார்த்தவர்கள் பலர் ஸ்ட்ராவையே வரைந்துவைத்தார்கள். 1991-இல் வெளியான ஆய்வு. கண் பார்த்ததைக் கை விடுவதில்லை. திருமணப் பத்திரிகையோ கடைக்குப் பெயர்ப்பலகையோ, இணையத்தில் பத்து மாதிரிகளைத் தேடிப் பார்க்கும் முன் நீங்களாக இரண்டை வரைந்துவிடுங்கள்.

எழுந்து நடங்கள்

டார்வின் தன் வீட்டுத் தோட்டத்தை ஒட்டிய மணல் பாதையில் தினமும் நடந்தபடியே யோசித்தார். பீத்தோவன் நடைக்குப் போகையில் குறிப்பேடும் எடுத்துப்போவார். ஸ்டான்ஃபோர்டின் ஓப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்: நடப்பவர்களிடம் புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதல். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் சற்று நேரம் நீடித்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விக்கு நடை உதவவில்லை. கணக்குப் பார்க்க உட்காருங்கள். யோசனை தேட நடங்கள்.

கையில் சாவி, கீழே தட்டு

ஓவியர் சால்வடார் டாலி நாற்காலியில் சாய்ந்து, கையில் கனமான சாவியைப் பிடித்துக்கொண்டு கண்ணயர்வாராம். கீழே ஒரு தட்டு. தூக்கம் பிடிக்கும்போது விரல் தளர்ந்து சாவி தட்டில் விழும். அந்தச் சத்தத்தில் விழித்து, மனத்தில் மிதந்ததை வரைவார். எடிசன் இரும்புக் குண்டு வைத்திருந்ததாகச் சொல்வார்கள். வெறும் கதையல்ல. பாரிஸ் ஆய்வாளர்கள் 2021-இல், மறைந்திருக்கும் குறுக்குவழி ஒன்று உள்ள கணக்குகளைப் பலருக்குக் கொடுத்து, இடையில் 20 நிமிடம் ஓய்வு தந்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதத்தினர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். 15 விநாடியாவது அரைத் தூக்கத்தில் இருந்தவர்களில் 83 சதவீதம்! அதையும் தாண்டி ஆழ்ந்து தூங்கியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

மீன்கொத்தி தந்த மூக்கு

ஜப்பானின் புல்லட் ரயில் சுரங்கத்தைவிட்டு வெளிவரும்போது வெடிச் சத்தம் கேட்கும். முன்னால் அழுந்திய காற்று வெளியே பாய்வதுதான் காரணம். பொறியாளர் எய்ஜி நகாட்சு பறவை பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர். அதிகம் தெறிக்காமல் தண்ணீருக்குள் பாயும் மீன்கொத்தியின் அலகு அவர் நினைவுக்கு வந்தது. 1997-இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலின் நீண்ட மூக்கு அப்படிப் பிறந்தது. மின்கம்பியைத் தொடும் மேல்கரத்தின் இரைச்சலைக் குறைக்க ஆந்தையின் இறகு உதவியது. ஒரு துறையின் முடிச்சு வேறொரு துறையில் அவிழ்கிறது. பொழுதுபோக்கு உள்ளவர்களுக்கு இதில் லாபம் அதிகம்.

முருகன் பெயரில்லாமல் முருகன் பாட்டு

எனக்கு மிகவும் பிடித்த வழி, கையைக் கட்டிக்கொண்டு இறங்குவது. குழந்தைகளுக்கு எழுதிய டாக்டர் சூஸ், வெவ்வேறான 50 சொற்களை மட்டும் வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுத முடியாது என்று பதிப்பாளர் பந்தயம் கட்ட, 1960-இல் எழுதியே காட்டினார். உலகம் முழுவதும் இதை வியந்து பேசுகிறார்கள்.

நம் 17-ஆம் நூற்றாண்டுப் புலவர் சிவப்பிரகாச சுவாமிகளைப் பாருங்கள். 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' பாடினார். நிரோட்டம் என்றால் உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ வரிசைகள் போயின. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஒலிகளும் போயின. அதாவது முருகன், குமரன், ஆறுமுகன், வேலவன் என்று எதையும் சொல்ல முடியாது. வேல் இல்லை, மயில் இல்லை, சேவல் இல்லை, வள்ளி, தெய்வானையும் இல்லை. 'அது', 'இது'கூட இல்லை. இதன்மேல் யமகம்: நான்கு அடியும் ஒரே எழுத்துத் தொடரில் தொடங்கி வேறு வேறு பொருள் தர வேண்டும். அதற்கும் மேல் அந்தாதி: ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கம். மூன்று பூட்டு! பழகிய சொல் எல்லாம் அடைபட்டதால், வேறு யாரும் போகாத தடத்தில்தான் அவர் போயாக வேண்டியிருந்தது. இந்த வித்தையைச் சொல்விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கூடிப் பேசும் முன்

பலர் கூடி, குறை சொல்லாமல் யோசனைகளைக் கொட்டும் 'பிரெயின்ஸ்டார்மிங்' முறையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பர நிறுவனம் பிபிடிஓ-வின் அலெக்ஸ் ஆஸ்போர்ன். அவர் 1953-இல் எழுதிய புத்தகம் அதை அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்த்தது. ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நால்வர் கூடிச் சொன்னதைவிட, நால்வர் தனித்தனியே எழுதியதைச் சேர்த்தால் யோசனைகள் அதிகமாக இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கிறார். காத்திருக்கையில் தோன்றியது மறந்துபோகிறது.

ஜெர்மானியரான பெர்ண்ட் ரோர்பாக் 1968-இல் இதற்கு மாற்று சொன்னார். ஆறு பேர், ஆளுக்கொரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை எழுதிப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். வந்த தாளைப் படித்து அதன்மேல் இன்னும் மூன்று. அரைமணி நேரத்தில் 108. பேசக் கூச்சப்படுகிறவரின் யோசனையும் உரக்கப் பேசுகிறவரின் யோசனையும் ஒரே தாளில் சரிசமமாக இருக்கும்.

பள்ளி ஆண்டு விழாவோ, குடியிருப்போர் சங்கமோ, குடும்பச் சுற்றுலாவோ, அடுத்த கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் யாரையும் பேசவிடாமல் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.