நோவை அடக்கும் மூளை

1844-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவில் மபோட்சா என்னுமிடத்தில், டேவிட் லிவிங்ஸ்டன் என்னும் மிஷனெரியார் ஒரு சிங்கத்தின் வாயில் அகப்பட்டார். அவருடைய இடப்புயத்தின் எலும்பு நொறுங்கிற்று. ஆயினும் அவ்வேளையில் நோவும் தோன்றவில்லை, அச்சமும் தோன்றவில்லை. நடப்பதெல்லாம் தெரிந்திருந்தும், பூனை உதறிய எலிக்கு உண்டாவது போன்ற ஒருவகை மயக்கமே இருந்தது என்று 1857-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். கொடிய விலங்குகளுக்கு இரையாகும் பிராணிகள் யாவற்றுக்கும் சிருஷ்டிகர்த்தர் இரங்கி அமைத்த ஏற்பாடு இது என்பது அவர் கருத்து.

இக்கருத்தில் எவ்வளவு உண்மையுண்டு என்பதைச் சோதித்தறிய நூறாண்டுகளுக்கு மேலாயிற்று.

காயம்பட்ட இடத்திலிருந்து மூளைக்கு நேரே ஓடும் செய்தியே நோவு என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. காயத்திலிருந்து வரும் மெல்லிய நரம்பிழைகள் தண்டுவடத்தின் பின்பகுதியில் முடிந்து, அங்கே குளூட்டமேட் முதலிய இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. அப்பொருள்கள் அடுத்துள்ள உயிரணுக்களை எழுப்ப, அவையே செய்தியை மேலே அனுப்புகின்றன. தபால் கைமாறும் இவ்விடத்திலேதான் மூளை குறுக்கிடுகிறது.

1969-இல் ரெய்னால்ட்ஸ் என்னும் அறிஞர், எலியின் நடுமூளையிலே நுண்கால்வாயொன்றைச் சூழ்ந்துள்ள சாம்பல் நிறப் பகுதியில் மின்சாரம் பாய்ச்சினார். மயக்க மருந்து யாதுமின்றி அவ்வெலியின் வயிற்றைக் கீறியபோதும் அது வருந்தியதாகக் காணப்படவில்லை. அது அசைவற்றுக் கிடந்ததோ எனின், அன்று. உடலை இயக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. நோவு மட்டுமே நீங்கியிருந்தது!

இந்நோவின்மை அபினியிலிருந்து எடுக்கும் மார்ஃபியாவின் செயலை ஒத்திருந்தது. ஒரு செடியின் பால் மூளையில் இவ்வாறு வேலை செய்வானேன்? 1975-இல் அபர்தீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர் இதற்கு விடை கண்டனர். பன்றிகளின் மூளையிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த என்கெஃபலின் என்னும் பொருள், மார்ஃபியாவைப் போலவே வேலை செய்தது. மூளை தனக்கு வேண்டிய அபினியைத் தானே செய்துகொள்கிறது என்னலாம். மார்ஃபியாவை முறிக்கும் நாலாக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தால், மின்சாரத்தால் எலிக்கு வந்த நோவின்மையும் ஓரளவு குறைந்துவிடும் என்பது 1976-இல் வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று.

நடுமூளையின் ஆணை பெரும்பாலும் முகுளத்தின் வழியாகவே தண்டுவடத்துக்கு இறங்குகிறது. அதனை நிறைவேற்றும் பொருள்களுள் நாரட்ரினலின் நோவைத் தணிப்பது. செரோட்டோனினோ, எவ்வகை ஏற்பியைத் தொடுகிறதோ அதற்கேற்பத் தணிக்கவும் செய்யும், மிகுவிக்கவும் செய்யும். முகுளத்திலும் இருவகை உயிரணுக்கள் உள. எலியின் வாலில் சூடு பட, அது வாலை இழுப்பதற்குச் சற்று முன் ஒருவகை உயிரணு அடங்குகிறது, மற்றொருவகை கிளர்ந்தெழுகிறது. முன்னது நோவைத் தடுப்பது; பின்னது வளர்ப்பது. ஆகவே மூளை நோவை அடக்குவது மட்டுமன்று, கூட்டுவதும் உண்டு.

எலி பூனையைக் கண்டவுடன் அச்சத்துக்கு இடமாகிய மூளைப் பகுதி நடுமூளையைத் தூண்டுகிறது, நோவு தணிகிறது. ஓடித் தப்பவேண்டிய வேளையில் காலை நக்கிக்கொண்டிருக்கும் எலி பிழைப்பதரிது. தப்பியபின், காயம் ஆறும்வரை அசையாதிருக்க நோவு வேண்டும். அப்போது அது திரும்புகிறது. இவ்வளவில் லிவிங்ஸ்டன் கண்டது மெய்யே. ஆயின் எல்லாப் பிராணிகளும் நோவின்றி இறக்கின்றன என்று இதிலிருந்து கொள்வது மிகை என்பதே நம் கருத்து. அன்று அதே சிங்கத்திடம் கடியுண்ட அவருடைய துணைவர் இருவரும் பின்னர் வேதனையுற்றதை அவரே கூறியுள்ளார். ஆடு மாடுகளைக் கையாள்வோரும், சோதனைச்சாலையில் எலியைத் தொடும் நம் மாணவரும் இதனை நினைத்தல் நலம். பிராணி கதறவில்லை என்பது நோவில்லை என்பதற்குச் சான்றாகாது. பகைவிலங்கின் கண்ணுக்குத் தளர்ச்சியைக் காட்டாது மறைப்பது இரையாகும் பிராணிகளின் இயல்பு. அன்றியும், நம் கை பட்ட அச்சமே அந்நேரத்துக்கு நோவை அடக்கியிருத்தல் கூடும்.

லிவிங்ஸ்டனின் எலும்பு செவ்வனே கூடவேயில்லை. 1873-இல் அவர் ஆப்பிரிக்காவில் இறக்க, மறு ஆண்டு லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட உடல் அவருடையதே என்று மருத்துவர்கள் துணிந்தது அவ்விடப்புய எலும்பைக் கண்டுதான்.