பதறாத காரியம் சிதறாது!

குற்றாலத்தில் ஸீஸன் தொடங்கிவிட்டால் தென்காசி, செங்கோட்டை வட்டாரம் முழுவதுமே சாரலில் நனைகிறது. அந்தச் சாரலுக்கு நடுவிலே பள்ளிக்கூடங்களில் இன்னொரு ஸீஸனும் களை கட்டுகிறது. அதுதான் விளையாட்டுப் போட்டி ஸீஸன்! முதலில் குறுவட்டப் போட்டி. அதில் ஜயித்தால் மாவட்டப் போட்டி. அதிலும் ஜயித்தால் மாநிலப் போட்டி.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது வெறும் விளையாட்டல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் ஓர் இடம், பின்னால் ஓர் உத்தியோகம் என்று எத்தனையோ ஆசைகள் ஒரு சான்றிதழில் அடங்கியிருக்கின்றன. வருஷமெல்லாம் பட்ட பாடு, நூறு மீட்டர் ஓட்டத்தில் பன்னிரண்டு பதின்மூன்று விநாடிகளில் முடிந்துபோகிறது. கோட்டருகே நிற்கும்போது நா வறள்வதிலும், வயிறு கலங்குவதிலும், தொடை நடுங்குவதிலும் ஆச்சரியம் என்ன? பழகும்போது பிரமாதமாக ஓடிய பையன் பந்தயத்தன்று நான்காவதாக வருகிறான். “பயந்தாங்கொள்ளி!” என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இது நியாயந்தானா?

மகா வீரர்களுக்கும் உண்டு

உலகத்திலேயே வேகமான மனிதர் என்று பெயரெடுத்த உஸேன் போல்ட், 2011-ல் தென்கொரியாவின் தேகு நகரில் என்ன செய்தார் தெரியுமா? 100 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்குமுன்பே பாய்ந்துவிட்டார். ஓடாமலேயே வெளியேற நேர்ந்தது!

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நம் பி.டி. உஷா, 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடியில் ஓடி நான்காவதாக வந்தார். வெண்கலம் பெற்ற ருமேனியப் பெண்மணிக்கு 55.41. வித்தியாசம் விநாடியில் நூற்றில் ஒரு பங்கு! அன்று இன்னொரு வீராங்கனை முந்திப் பாய்ந்ததால் பந்தயம் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஒருமுறை முறுக்கேறிய உடம்பையும் மனத்தையும் தளர்த்தி, மறுபடி முறுக்கேற்றுவது லேசான காரியமல்ல.

சதுரங்கத்துக்கு வாருங்கள். 2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே நம் சென்னைப் பிள்ளை குகேஷ் தோற்றார். அப்போது அவருக்கு வயது 18. அன்று அவரைச் சந்தித்த விசுவநாதன் ஆனந்த், தமக்கு அப்படி நேர்ந்தபோது 11 ஆட்டங்களே பாக்கி இருந்தன, குகேஷுக்கோ 13 இருக்கின்றன என்று தேற்றினாராம். ஆனந்த் 2010-ல் சோபியா நகரில் முதல் ஆட்டத்தில் தோற்று, பிறகு பட்டத்தை வென்றவர் அல்லவா? குகேஷும் வென்றார். மனப்பயிற்சிக்கென்று பாடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்க நிபுணரும் அவருக்குத் துணையிருந்தார்.

அருவி சொல்லும் பாடம்

பயம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது, ரத்தம் வயிற்றைவிட்டுத் தசைகளுக்கு ஓடுகிறது. உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது, அவ்வளவுதான்! அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையின் அலிஸன் வுட் ப்ரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சி வேடிக்கையானது. பாடவும் பேசவும் கணக்குப் போடவும் பயந்து நின்றவர்களில், “எனக்கு உற்சாகமாக இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆகவே “பயப்படாதே” என்று பிள்ளையிடம் சொல்வதைவிட, “உடம்பு தயாராகிவிட்டது” என்று சொல்வது மேல்.

குற்றால அருவியில் முதல் நாள் தலையைக் கொடுத்தவுடன் மூச்சுத் திணறுகிறது. மூன்றாம் நாள் அதே பிள்ளையை வெளியே இழுப்பதுதான் கஷ்டம். குளிர்ந்த நீரில் வரும் திணறல், திரும்பத் திரும்ப இறங்கினால் குறைகிறது என்று உடலியல் நிபுணர்களும் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். பந்தய பயமும் அப்படியே. வாரம் ஒருநாள் மற்ற வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, கூச்சல் போடச் சொல்லி, விசில் ஊதி, மெய்யான பந்தயம் போலவே ஓட விடலாம். மைதானத்தின் கூச்சல் பழகிப்போகும்.

உடம்பை உதறுவது, குதிப்பது, சிறு ஓட்டம் என்று எதைச் செய்தாலும் தினமும் ஒரே வரிசையில் செய்யவேண்டும். புது ஊரிலும் அது பழைய மைதானத்தின் தைரியத்தைக் கொடுக்கும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டால் படபடப்பு அடங்கும். ஓடும்போது காலைப் பற்றிச் சிந்திக்கக் கூடாது. பழகிய காலுக்கு வழி தெரியும். பந்தயத்தன்று காலையில் பிரானூர் பார்டர் பரோட்டாவும் வேண்டாம்! ரத்தம் வயிற்றைவிட்டுப் போகும் நேரத்தில் அது ஜீரணமாகாது.

போட்டியின் நடுவிலே தவறு நேர்ந்தால்? கபடியில் பிடிபட்டு வெளியே உட்காரும் பையன், பிடிபட்டதையே நினைத்துக் குமைகிறான். அந்த நேரத்தில் மூச்சைச் சமன் செய்துகொண்டு, அடுத்த பாட்டில் எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கட்டும். போன பாட்டு போனதுதான்.

பொங்குமாங்கடல்

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேரருவியின் தண்ணீர் மலையிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, அங்கே பொங்கி, வேகம் தணிந்த பிறகே கீழே வருகிறது. அதனால்தான் குழந்தையும் அருவியில் நின்று குளிக்க முடிகிறது. பெற்றோரும் பி.டி. வாத்தியாரும் பிள்ளைக்கு அந்தப் பொங்குமாங்கடலாக இருக்கவேண்டும். “இதிலே தோற்றால் மானம் போய்விடும்” என்ற பேச்சு, தணிக்காத அருவி. “கற்றதைச் செய், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பது தணித்த அருவி.

ஆனால், வெள்ளம் வந்தால் பொங்குமாங்கடலும் தாங்காது. போலீஸார் குளிக்கத் தடை போடுகிறார்கள். அதுபோல, பிள்ளைக்கு வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால், போட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணிலும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

பந்தயம் அடுத்த வருஷமும் வரும். பிள்ளைதான் நமக்கு முக்கியம்.