உடல் கற்கும் பாடம்

சின்னமுத்து ஒருமுறை வந்து மாறியவருக்கு அது மறுமுறை வருவதில்லை என்பது நம் ஊர்களிலே படித்தாரும் படியாதாரும் ஒருங்கே அறிந்த செய்தி. வீட்டிலே பிள்ளையொன்றுக்கு அந்நோய் கண்டால், முன்னரே அதனை அனுபவித்த மூத்தவர் ஒருவரே பக்கத்திலிருந்து பணிவிடை செய்வார். இவ்வழக்கத்தின் அடியிலே ஆழ்ந்த உண்மையொன்று இருக்கிறது. மனித உடல் தனக்கு வந்த நோயை நினைவில் வைத்திருக்கிறது. அந்நினைவு எவ்வாறு உண்டாகிறது, எங்கே தங்குகிறது, எவ்வாறு அழிந்துபோகவுங் கூடும் என்பவற்றை இன்று நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

கி. மு. 430ஆம் ஆண்டளவில் கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரைக் கொடிய கொள்ளைநோயொன்று பற்றியது. அக்காலத்து வரலாற்றாசிரியரான துசிடிடீசு தாமும் அந்நோய்ப்பட்டுப் பிழைத்தவர். நோயிலிருந்து மீண்டவர்களே நோயாளரை அச்சமின்றிப் பேணினர் என்றும், ஒருவரை அந்நோய் இரண்டாம் முறை கொல்லுமளவுக்குத் தாக்கவில்லை என்றும் அவர் எழுதி வைத்தார். கிருமிகளைப் பற்றி எவரும் அறியாத காலத்தில் எழுதப்பட்ட இக்குறிப்பு, இன்று நாம் நிர்ப்பீடனம் என்று வழங்கும் நோயெதிர்ப்பாற்றலைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகும்.

அந்த ஆற்றல் எத்துணைக் காலம் நிலைக்கும்? இவ்வினாவுக்கு வட அத்திலாந்திக்குக் கடலிலுள்ள பரோ தீவுகள் விடையளித்தன. 1781ஆம் ஆண்டில் அங்கே சின்னமுத்து பரவி மறைந்தது. பின்னர் 65 ஆண்டுகளாக அந்நோய் அத்தீவுகளை எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் கப்பலில் வந்த ஒருவரோடு அது மீண்டும் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேர் வரையில் நோயுற்றனர். நிலைமையை ஆராய டென்மார்க்கு அரசு அனுப்பிய இளம் மருத்துவராகிய பீற்றர் பானும் அங்கே ஒரு புதுமையைக் கண்டார். 1781இல் அந்நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்களுள் ஒருவரையேனும் அது மறுபடி தீண்டவில்லை. இடையில் ஒருமுறையாவது திருப்பிப் பாராத பாடத்தை, 65 ஆண்டுகள் கழித்தும் அவர்களுடைய உடல் மறவாதிருந்தது.

இந்நினைவு தோன்றும் வகையை அறிய, உடலின் காவலை வெளியிலிருந்து உள்நோக்கிப் பார்த்துச் செல்வோம். முதற் காவல் தோலாகும். நன்கு அடைத்த வேலிபோல அது கிருமிகளைப் புறத்தே நிறுத்துகிறது. வேலியிலே படலைகள் இருப்பதுபோல உடலுக்குக் கண், மூக்கு, வாய் என வாயில்கள் உண்டு. அவையுங் காவலின்றி விடப்படவில்லை. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் மூக்குச்சளியிலும் லைசோசைம் என்னும் நொதியம் இருக்கிறது. பற்றீரியாக்கள் பலவற்றின் சுவரை அது சிதைத்துவிடும். பிற்காலத்திற் பெனிசிலினைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற அலெக்சாந்தர் பிளெமிங்கே 1922இல் இதனையுங் கண்டறிந்தவர். உணவோடு உட்செல்லுங் கிருமிகளுட் பெரும்பாலானவற்றை இரைப்பையின் அமிலம் அழித்துவிடுகிறது.

வேலி பிரிந்தாலோ? காலிலே முள் தைத்தால், சிறிது நேரத்தில் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, நோகத் தொடங்குகிறது. இவ்வழற்சி உடல் தனக்குத் தேடிக்கொண்ட உதவியின் அடையாளமாகும். 1882இல் உருசிய விஞ்ஞானியாகிய மெச்சினிக்கோவ் இத்தாலியின் மெசினா நகரிலே உடுமீனின் குடம்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிபோலத் தெளிந்த அவற்றின் உடலிலே சிறு முட்களைச் செருகி வைத்தார். மறுநாட் காலையிற் பார்த்தபோது, அசையுங் கலங்கள் பல அம்முட்களைச் சூழ்ந்து நின்றன. நம் குருதியிலும் இத்தகைய வெண்கலங்கள் உள்ளன. அவை காயம் பட்ட இடத்துக்கு விரைந்து சென்று கிருமிகளை விழுங்குகின்றன. சீழ் என்று நாம் அருவருப்பது பெரும்பாலும் அவ்வாறு பணியாற்றி மடிந்த கலங்களின் தொகுதியே. மெச்சினிக்கோவ் 1908இல் போல் எயர்லிச்சு என்னும் யேர்மானிய அறிஞரோடு நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

விழுங்குங் கலங்கள் விரைவானவை. ஆயினும் ஒரு கிருமிக்கும் இன்னொன்றுக்குமுள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கண்டறிந்து நெடுங்காலம் நினைவில் வைப்பது அவற்றின் தொழிலன்று. அப்பணி நிணநீர்க்கலங்களுக்கு உரியது. உடலிலே இக்கலங்கள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பிலே தனக்கே உரிய ஒரு வாங்கியைத் தாங்கி நிற்கிறது. திறப்பு ஒன்று தனக்குரிய பூட்டிலே பொருந்துவதுபோல, ஒரு குறித்த வடிவத்தையே அவ்வாங்கி பற்றிக்கொள்ளும். நோய் வருவதற்கு முன்னரே இத்தனை வகைத் திறப்புகளும் ஆயத்தமாயிருக்கின்றன என்பது வியப்புக்குரியது. கிருமி வந்ததும், அதற்குப் பொருந்துங் கலம் மட்டும் தெரியப்பட்டுப் பல்கிப் பெருகும் என்னுங் கொள்கையை அவுத்திரேலிய அறிஞர் மக்பார்லேன் பேர்னெற்று 1957இல் வெளியிட்டார்.

இத்தெரிவு நடைபெறும் இடங்களுள் முதன்மையானவை நிணநீர்க்கணுக்கள். காலிற் புண் வந்தால் அரையிலே நெறி கட்டுகிறதென்று நாம் சொல்வதுண்டல்லவா? அந்நெறியே நிணநீர்க்கணு. காயத்திலிருந்து கிருமியின் துணுக்குகளைச் சுமந்துவருங் கலங்கள் அவற்றை அங்கே காட்டுகின்றன. பொருத்தமான நிணநீர்க்கலம் அகப்பட்டதும் அது பெருகத் தொடங்குவதனாலேயே கணு வீங்குகிறது. அவற்றுட் பி கலங்கள் என்பவை பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்களை ஆக்கிக் குருதியிற் கலக்கின்றன. அவை கிருமியைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும். ரி கலங்களுட் சில, வைரசு புகுந்துவிட்ட நம் கலங்களையே தேடி அழிக்கும். வேறு சில ஏனையவற்றை ஊக்கி நடத்தும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எண்ணிறந்த வகை வாங்கிகள் இருக்குமாயின், நம் சொந்த உடலையே தாக்குவனவும் அவற்றுள் இராவோ? இருக்கவே செய்யும். அதனாலேதான் ரி கலங்கள் மார்பெலும்பின் பின்னேயுள்ள தைமசுச் சுரப்பியிலே கடும் பரீட்சைக்கு உட்படுகின்றன. சொந்த உடலைப் பகையாகக் கொள்பவை பெரும்பாலும் அங்கேயே நீக்கப்படுகின்றன. பரீட்சைக்கு வருபவற்றுள் மிகச் சிலவே தேறி வெளியேறுகின்றன. நம் பாடசாலைப் பரீட்சை எதுவும் இத்துணைக் கடுமையானதன்று. இதிலே தப்பிவிடுபவை சில வேளைகளில் தன்னுடலையே தாக்கும் நோய்களுக்குக் காரணமாகின்றன.

முதன்முறை வருங் கிருமிக்கு எதிராக இவ்வேற்பாடுகள் முற்றுப்பெற ஒரு வாரமோ அதற்கு மேலோ செல்லும். அந்த இடைவெளியிலேதான் நாம் நோயுற்றுப் படுக்கிறோம். நோய் நீங்கியபின் பெருகிய கலங்களுட் பெரும்பகுதி மடிந்துபோகும். சிறு பகுதி நினைவுக்கலங்களாய் எஞ்சும். பிறபொருளெதிரிகளை ஆக்கும் வேறு சில கலங்கள் என்புமச்சையிலே தங்கி, ஆண்டுக்கணக்காகத் தம் பணியைத் தொடரும். 1918இல் உலகைச் சூறையாடிய இன்புளுவென்சாவிலிருந்து பிழைத்த முதியவர்களின் குருதியை அறிஞர் ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், அவ்வைரசை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் அவர்களுடைய குருதியிற் காணப்பட்டன.

இனி, இந்நினைவைத் திருடும் நோயொன்றைக் கூறவேண்டும். நாம் முதலிற் குறிப்பிட்ட சின்னமுத்தே அது. அதன் வைரசு நினைவுக்கலங்களினுள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. 1908இலேயே ஒசுத்திரிய மருத்துவர் வொன் பிர்க்கே இதற்கோர் அறிகுறியைக் கண்டார். சயரோகக் கிருமியை முன்னர் அறிந்திருந்த உடல் தோற்சோதனையிற் காட்டும் அடையாளம், சின்னமுத்து வந்த நாட்களில் மறைந்துபோவதை அவர் குறித்து வைத்தார். 2019இல் நெதர்லாந்திலே தடுப்பூசி பெறாத 77 பிள்ளைகளின் குருதியை நோய்க்கு முன்னும் பின்னும் ஆராய்ந்த முடிவு வெளிவந்தது. ஏனைய நோய்களுக்கு எதிராக அப்பிள்ளைகள் சேர்த்து வைத்திருந்த பிறபொருளெதிரி வகைகளில் நூற்றுக்கு 11 முதல் 73 வரை அழிந்துபோயிருந்தன. சின்னமுத்து தன்னைப் பற்றிய பாடத்தை எழுதிவிட்டு, கற்பலகையிலே முன்னர் எழுதியிருந்தவற்றைத் துடைத்துச் செல்கிறது. இருமலும் வயிற்றோட்டமும் பின்னர் அப்பிள்ளையை எளிதிற் பற்றுவதற்கு இதுவுமோர் ஏதுவாகும்.

“இயற்கையாய் வந்து மாறினாற் பிள்ளைக்கு நல்ல எதிர்ப்பு உண்டாகும், ஊசி எதற்கு?” என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உளர். அவர்கள் தம் பிள்ளையிடத்து அன்பில்லாதவரல்லர். உடல் அனுபவத்தாற் கற்கிறது என்பதையும் அவர்கள் சரியாகவே அறிந்திருக்கின்றனர். அப்பாடத்துக்கு அளிக்கும் விலையையே அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 1796இல் இங்கிலாந்திலே எட்வேட் சென்னர், பாற்காரப் பெண்ணொருத்தியின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்துச் சிறுவனொருவனுக்கு ஏற்றினார். எளிய நோயைக் கொண்டு கொடிய பெரியம்மைக்கு எதிரான பாடம் புகட்டப்பட்டது. அம்முறை 1802இல் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. 1980இற் பெரியம்மை உலகினின்றும் ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சின்னமுத்துத் தடுப்பூசியும் வலுக்குறைத்த வைரசைக் கொண்டு அதே பாடத்தைக் கற்பிக்கிறது. கற்பலகையை அது துடைப்பதில்லை.

நோயினாற் கற்கவே முடியாத பாடமும் ஒன்றுண்டு. ஏற்புவலியை உண்டாக்கும் நஞ்சு, உடலுக்கு எதிர்ப்பைக் கற்பிக்கப் போதாத மிகச் சிறு அளவிலேயே உயிரைக் கொல்ல வல்லது. ஆதலால் அந்நோயிலிருந்து பிழைத்தவரும் தடுப்பூசி பெறவேண்டும். இன்புளுவென்சா வைரசோ அடிக்கடி தன் உருவை மாற்றிக்கொள்வதால், அப்பாடத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

நம் நாட்டிலே சின்னமுத்துத் தடுப்பூசி 1984இல் தேசியத் திட்டத்திற் சேர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இலங்கை அந்நோயை நீக்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. ஆயினும் 2023இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டிற்று. நோயைக் காணாத தலைமுறை அதன் கொடுமையை மறந்துவிடுவது இயல்பே. உடல் மறவாததை ஊர் மறந்துவிடுகிறது.

பிறக்கும் குழந்தை தாயின் பிறபொருளெதிரிகளைக் கடனாகப் பெற்றே உலகுக்கு வருகிறது. தாய்ப்பாலும் மேலும் சிலவற்றை அளிக்கிறது. சில மாதங்களில் அக்கடன் தீர்ந்துவிடும். தனக்குரிய ஊசியைப் பெறும்வரை அக்குழந்தைக்கு வேலியாய் நிற்பவர்கள் சுற்றியிருக்கும் நாமே. ஆகையால், குடும்பநல உத்தியோகத்தர் குறித்துத் தந்த நாளைத் தவறவிடாதிருங்கள். உங்கள் பிள்ளையின் தடுப்பூசிப் பதிவேட்டை இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதிலே வெறுமையாய் விடப்பட்ட கட்டம் ஒன்றிருப்பின், அது உங்கள் பிள்ளை இன்னுங் கற்காத பாடம். அப்பாடம் இல்லாமையால் நோய்ப்படுவது அயல்வீட்டுத் தொட்டிலிற் கிடக்கும் குழந்தையாகவும் இருக்கலாம்.