பிளக் கூறும் சாட்சி



என் தந்தையார் விட்டுச் சென்ற அம்பாசிடர் கார் ஒன்றை நான் இன்றும் போற்றி வருகிறேன். 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட பெட்ரோல் எஞ்சின் அதற்கு உண்டு. 1959-ஆம் ஆண்டு முதல் இவ்வகை எஞ்சின் அவ்வண்டியில் இடம்பெற்றது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆதலால் அதனை வைத்திருப்போர் சிலவற்றைத் தாமே அறிந்திருத்தல் நலம். அவற்றுள் ஒன்றான ஸ்பார்க் பிளக்கைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன்.

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்பட்டிருக்கும். அதனைப் பற்றவைப்பது பிளக்கின் வேலை. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அது பிளக்கின் நடு முனைக்கும் பக்க முனைக்கும் இடையே தாவும்போது பொறி எழுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வேண்டும். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழன்றால், ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 பொறிகள் தர வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

அம்முனைகளின் இடைவெளி இந்த எஞ்சினுக்கு 0.025 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.64 மில்லிமீட்டர். இடைவெளி குறைந்தால் பொறி சிறுத்துவிடும். மிகுந்தால், வண்டி மேடேறும்போது பொறி தாவாமலே போகலாம். புதிய பிளக்கையும் ஃபீலர் கேஜ் கொண்டு அளந்தே பொருத்துக. திருத்தும்போது பக்க முனையை மட்டுமே வளைக்க வேண்டும். நடு முனையை நெம்பினால் பீங்கான் விரிசல் காணும்.

பிளக்கைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியவை மூன்று. மரையின் குறுக்களவு 14 மில்லிமீட்டர். மரையின் நீளம் 19 மில்லிமீட்டர்; இதனினும் நீண்டால் பிஸ்டனில் இடிக்கக்கூடும். மூன்றாவது, வெப்பத் தரம். பீங்கான் மூக்கு நீண்டிருந்தால் சூடு மெல்ல வெளியேறும். அது சூடான பிளக். குட்டையாயின் விரைவில் வெளியேறும். அது குளிர்ந்த பிளக். முனையின் வெப்பம் ஏறத்தாழ 500 டிகிரி சென்டிகிரேடை எட்டாவிடில் கரி படியும். 850 டிகிரியைக் கடந்து மிகுமாயின், பொறி எழுமுன்னரே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. சாம்பியனில் எண் ஏற ஏறச் சூடு.

இனி என் பிழையைக் கூறுகிறேன். ஒருசமயம் நான்கு பிளக்குகளிலும் கரி படிந்தது. பிளக்கே குற்றவாளி எனத் தீர்மானித்து, சூடான பிளக்குகளை மாட்டினேன். கரி மறைந்தது, நானும் மகிழ்ந்தேன். உண்மையில், சோக் கம்பி இறுகிக்கொண்டு பெட்ரோலை மிகுதியாக விட்டிருந்தது. பின்னர் மெக்கானிக் அக்கம்பியைச் சரிசெய்தார். நானோ பிளக்குகளை மாற்ற மறந்தேன். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறவில்லை. எஞ்சின் தட்டத் தொடங்கி, வலுவிழந்து நின்றது. பிரித்துப் பார்த்தபோது ஒரு பிஸ்டனின் தலையில் துளை விழுந்திருந்தது.

அன்றிரவு ஒரு மாணவனின் நினைவு எனக்கு வந்தது. கரும்பலகைக் கணக்கைத் தவறாகவே பெயர்த்தெழுதுவான். கவனமின்மை என்று கருதிப் பலமுறை தண்டித்தேன். அவனுக்குப் பார்வைக் குறை என்பதை அறியப் பல மாதங்கள் ஆயின. பிஸ்டனைப் புதிதாக வாங்கிவிட்டேன். அம்மாதங்களை அவனுக்கு எப்படித் திருப்பித் தருவேன்?

மாணவர்களே! நலமான எஞ்சினின் பிளக் வெளிறிய பழுப்பு நிறமாக இருக்கும். கறுத்திருந்தால் உடனே அதன்மேல் பழி சுமத்தாதீர்கள். அது உள்ளே நடப்பதைச் சொல்ல வந்த சாட்சி. முதலில் அதன் சொல்லைக் கேளுங்கள். பிறகு அளவுகோலைக் கையில் எடுங்கள்.