பிஞ்சுப் பாதம் நிமிர்வது எப்படி?

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர் பெரியோர். ஆனால் அந்தச் சிரசையும் சேர்த்துச் சுமப்பவை நம் பாதங்களே அல்லவா? ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை ஒழுங்காக அமைந்திருப்பதால்தான் நாம் நிற்கிறோம், நடக்கிறோம், விளையாட்டு விழாவில் ஓடிப் பரிசும் பெறுகிறோம்.

சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே பாதம் உட்புறமாக வளைந்து, குதிகால் மேலே தூக்கியிருக்கும். இதனை வளைபாதம் என்பர். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுள் ஒன்றுக்கு இக்குறை காணப்படுகிறது. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் நேர்ந்தது என்று சிலர் கூறுவர். இது உண்மையன்று. தாயைப் பழிப்பது தகாது. கவனிக்காது விட்டால் அக்குழந்தை பாதத்தின் ஓரத்தாலோ மேற்புறத்தாலோ ஊன்றி நடக்க நேரிடும்.

முற்காலத்தில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்து பாதத்தை நேராக்கினர். வளர்ந்தபின் அவர்களுள் பலருக்குப் பாதம் விறைத்து வலி கண்டது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இக்னேசியோ பொன்செட்டி (1914–2009) என்னும் மருத்துவர் எளிய வழியொன்றை வகுத்தார். பச்சிளங் குழந்தையின் மூட்டு நார்கள் இளகுந்தன்மை உடையவை. ஆகவே வாரந்தோறும் பாதத்தை மெல்ல நீவித் திருத்தி, தொடை வரை மாவுக்கட்டுப் போடுவர். ஐந்தாறு கட்டுகளில் பாதம் பெரும்பாலும் நேராகிவிடும்.

எனினும் குதிகாலின் தசைநாண் இறுகியே இருப்பதால், பல குழந்தைகளுக்கு அதனைச் சிறு கீறல் வழியாகத் துண்டிக்க வேண்டியிருக்கும். இது சில நிமிடங்களில் முடியும் சிகிச்சை. ‘நாணை அறுத்தால் குழந்தை எப்படி நடக்கும்?’ என்று அஞ்ச வேண்டா. மீண்டும் மூன்று வாரம் மாவுக்கட்டில் கால் இருக்கும். அதற்குள் அறுபட்ட நாண் தேவையான நீளத்துடன் தானே வளர்ந்து சேர்ந்துவிடும்.

இக்காலத்தில் கட்டு நனையக் கூடாது. கால்விரல்களை நாள்தோறும் பல முறை பார்க்க வேண்டும். அவை நீலமாகவோ வெளிறியோ வீங்கியோ சில்லிட்டோ இருந்தாலும், கட்டு நழுவி விரல்கள் உள்ளே மறைந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கட்டைப் பிரித்ததும் பாதம் அழகாக நிமிர்ந்திருக்கும். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது! வளைவு மீண்டும் திரும்பாதிருக்க, ஒரு பட்டையில் பொருத்திய இரு காலணிகளைக் குழந்தை அணிய வேண்டும். முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கைந்து வயதுவரை உறங்கும் வேளைகளிலும் அணிவது அவசியம். ‘கால்தான் சரியாகிவிட்டதே, பிள்ளை அழுகிறதே, இன்று ஒரு நாள் கழற்றி வையுங்கள்’ என்று பாட்டியோ அத்தையோ இரக்கப்பட்டுச் சொல்வது வழக்கம். ஒரு நாள் பல நாளாகும். பாதம் மீண்டும் வளைவதற்கு முதற்காரணம் காலணியைக் கைவிடுவதே. தோல் சிவந்தாலோ புண்ணானாலோ மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டுமேயன்றி, நாமாக நிறுத்தலாகாது.

2013-ஆம் ஆண்டு தொடங்கிய மைய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளைபாதமும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே ஏழைப் பெற்றோரும் தயங்காமல் அரசு மருத்துவமனையை அணுகலாம்.

அன்புத் தோழியரே! நாம் அக்காவாகவும் சித்தியாகவும் குழந்தைகளைத் தூக்கி வளர்ப்பவர்கள். நம் தெருவில் அப்படியொரு குழந்தை இருந்தால், அதன் தாய்க்கு இவற்றை எடுத்துச் சொல்வோம். மருத்துவரின் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். வீட்டாரின் வேலையோ நான்கு ஆண்டுகள் நீளும். இரவுதோறும் சலிக்காமல் காலணியை மாட்டிவிடும் கைகளே அக்குழந்தையைப் பள்ளிக்கு நடத்தி வருகின்றன.