பொடிமீனுக்கு ஒரு பெரிய பரிசு

கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் போனால் கீரைப் பண்ணையும் ஆட்டுப் பண்ணையும் தென்படும். சிங்கப்பூரின் உணவு விளையும் மூலை அது. உணவுத் துறையில் உழைப்பவர்களுக்கு உலக அளவில் ஒரு விருது உண்டு: உலக உணவுப் பரிசு. 1987இல் முதல் பரிசு இந்திய வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதனுக்கு.

2021இல் அது சகுந்தலா தில்ஸ்டெட்டுக்கு. டிரினிடாடில் குடியேறிய இந்திய வம்சாவளியில் பிறந்தவர். டென்மார்க்கின் அரச கால்நடை, வேளாண் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே கற்பிக்கவும் செய்தவர். பிறகு பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்ட்ஃபிஷ் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார்.

பரிசு வாங்கித் தந்தது வங்கதேசக் குளங்களின் பொடிமீன். பெயர் மோலா. கெண்டை வளர்ப்பவர்கள் வேண்டாத மீன் என்று ஒழித்துக்கட்டிய அதில் வைட்டமின் ஏ, கால்சியம், இரும்புச்சத்து ஏராளம் என்று இவரது ஆய்வு காட்டியது. இரண்டையும் ஒரே குளத்தில் வளர்க்கலாம் என்றார்: கெண்டை சந்தைக்கு, மோலா வீட்டுச் சட்டிக்கு! ஆனால் தலையும் முள்ளுமாக முழுசாகத் தின்ன வேண்டும். வைட்டமின் ஏ பெரும்பாலும் கண்ணில்தான்.

அவருக்குக் கிடைத்த பரிசுத்தொகை 2,50,000 அமெரிக்க டாலர்.

தேக்கா சந்தையில் நெத்திலி வாங்கும் நேயர்களே, தலையைக் கிள்ளி எறியுமுன் கொஞ்சம் யோசியுங்கள்.