நடக்காத சண்டைக்கு நடுவர் யார்?

சென்ற மாதம் அலுவல் காரணமாகக் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். மாலை வேளை. தோட்டத்துக் கடை வாசலில் பெருங்கூட்டம். சம்பளத் தகராறு ஏதேனும் இருக்குமோ என்று எண்ணி அருகிற் சென்றோம். தகராறு முகம்மது அலிக்கும் மைக் டைசனுக்கும் இடையே என்பது அங்குச் சென்ற பிறகே தெரிந்தது.

நாற்பது ஆண்டுகள் பால்வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், அலியை வெல்லும் வீரன் உலகில் பிறக்கவே இல்லை என்று வாதாடிக் கொண்டிருந்தார். அவருடைய பேரன் தன் கைப்பேசியில் ஒரு படக்காட்சியைக் காட்டினான். அதில் டைசன் மூன்றாம் சுற்றிலேயே அலியைத் தரையில் வீழ்த்திவிடுகிறார். அச்சண்டை உண்மையில் நடந்ததன்று என்பதும், கணினி விளையாட்டு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் பேரனுக்குத் தெரியும். எனினும் அவன் விடவில்லை. “கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லுது தாத்தா. அது பொய் சொல்லாது” என்றான். தாத்தா ஐம்பது வெள்ளி, பேரன் ஐம்பது வெள்ளி. பந்தயப் பணம் நூறு வெள்ளி கடைக்காரரின் மேசை அறையில் இருந்தது. “ஐயா, நீங்கள் படித்தவர். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்” என்று நம்மைப் பிடித்துக்கொண்டனர். பந்தயம் கட்டுவதை நாம் ஆதரிப்பதில்லை. ஆயினும் பேரன் சொன்ன அந்தச் சொல், கணினி பொய் சொல்லாது என்பது, விடை கூறத் தகுந்ததே. அதனை இங்குச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

அலி நமக்கு எங்கோ தொலைவில் வாழ்ந்த வீரர் அல்லர். 1975-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா விளையாட்டரங்கில், பிரிட்டனைச் சேர்ந்த ஜோ பக்னரை எதிர்த்து அவர் தம் உலக வெற்றி வீரர் பட்டத்தைக் காத்துக்கொண்டார். அமெரிக்க மக்கள் தம் நாட்டு மாலைப்பொழுதில் காணும் பொருட்டு, சண்டை நம் நாட்டில் காலையில் நடத்தப்பெற்றது. வெப்பமோ கடுமை. பதினைந்து சுற்றுகளும் நடந்து, புள்ளிக் கணக்கில் அலி வென்றார். அச்சண்டை வேகம் குறைந்ததாக இருந்தது என்று குறை கூறியவர் உண்டு. நம் நாட்டு வெயிலில் நண்பகல்வரை நிரையில் நின்றவர்கள் அக்குறையை அவ்வளவு எளிதில் கூறமாட்டார்கள். தோட்டங்களில் அலியின் பெயர் இன்றும் பேசப்படுவதற்கு அந்த ஒரு நாளும் ஒரு காரணமாகும்.

இனி, கணினியின் கதைக்கு வருவோம். இக்கதை கைப்பேசி தோன்றுவதற்கு நெடுங்காலம் முந்தியது. 1967-இல் அமெரிக்காவில் மர்ரே வொரோனர் என்னும் வானொலித் தயாரிப்பாளர், பல காலத்துக் கன எடைப் பிரிவு வீரர்கள் பதினாறு பேரைக் கணினியின் வழியே மோதவிட்டு ஒரு வானொலித் தொடரை நடத்தினார். ஒவ்வொரு வீரரின் வேகம், குத்தின் வலிமை, அடி தாங்கும் ஆற்றல், துணிவு முதலியவை எண்களாக மாற்றப்பட்டுக் கணினிக்குள் இடப்பட்டன. இந்த எண்களுக்கு அடிப்படையாக அமைந்தது குத்துச்சண்டை எழுத்தாளர்களிடம் கேட்டறிந்த கருத்துகளே. அத்தொடரில், நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டம் தாங்கிய ஜிம் ஜெப்ரிஸ் என்பாரிடம் அலி தோற்றதாகக் கணினி கூறிற்று. இறுதிச் சண்டையில் ஜாக் டெம்ப்சியை வென்றவர் ராக்கி மார்சியானோ. அலி வெகுண்டார். பத்து இலட்சம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார்.

அலியின் அந்நாளைய நிலையையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் 1967-இல் அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. சண்டையிடும் உரிமமும் போயிற்று. இருபத்தைந்தாம் வயதில், உடல் முழு வலிமையோடு இருந்த காலத்தில், தொழில் இல்லை, வருமானம் இல்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, மார்சியானோவுடன் ஒரு நடிப்புச் சண்டையில் தோன்ற அவர் ஒப்புக்கொண்டார். மார்சியானோ 49 சண்டைகள் புரிந்து, 49-லும் வென்று, 1956-இல் தோல்வி காணாமலே ஓய்வு பெற்றவர். இப்படத்திற்காக அவர் உடல் எடையைப் பெரிதும் குறைத்துக்கொண்டார். வழுக்கையை மறைக்கப் பொய்முடியும் அணிந்தார்! 1969-இல் மயாமி நகரில், எழுபதுக்கும் மேற்பட்ட ஒரு நிமிடச் சுற்றுகள் படமாக்கப்பட்டன. யார் வீழ்வது என்பதில் பலவகை முடிவுகளும் எடுத்து வைக்கப்பட்டன. எம்முடிவு திரையில் வரும் என்பது இருவருக்குமே தெரியாது.

படம் 1970 ஜனவரி 20-ஆம் நாள் திரையிடப்பட்டது. அமெரிக்க மக்கள் கண்ட படத்தில் மார்சியானோ பதின்மூன்றாம் சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டப்பெற்ற படத்திலோ அலி வென்றார்! ஒரே கணினி, ஒரே இரு வீரர்கள், கடலைத் தாண்டியதும் முடிவு மாறிவிட்டது. அந்தக் கணினி அலபாமாவில் செய்யப்பட்டதாக இருக்கும் என்று அலி கேலி செய்தார். அலபாமா என்பது, கறுப்பின மக்கள் நெடுங்காலம் இழிவாக நடத்தப்பட்ட ஒரு மாநிலம். மார்சியானோவுக்கு எந்த முடிவையும் காணும் பேறு வாய்க்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31-இல், தம் நாற்பத்தாறாம் பிறந்தநாளுக்கு முந்திய நாள், விமான விபத்தில் அவர் உயிர் துறந்தார்.

கணினி பொய் சொல்லுமா, சொல்லாதா என்னும் கேள்விக்கு இதுவே விடை. அது தானாக எதுவும் சொல்வதில்லை. மனிதன் உள்ளே இட்டதை அது கூட்டிக் கழித்துத் திருப்பித் தருகிறது. பேரன் காட்டிய படத்திலும் டைசனுக்கு இவ்வளவு வலிமை, அலிக்கு இவ்வளவு வேகம் என்று எண்களைக் குறித்தவர் ஓர் அலுவலகத்தில் அமர்ந்திருந்த யாரோ ஒருவரே.

தோட்டத்திலும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. “எங்கள் காலத்து ஆட்களைப் போல இன்று யார் வெட்டுகிறார்கள்?” என்று முதியோர் கேட்பதும், “இன்று ஒரே ஆள் கொண்டுவரும் பாலை அன்று மூன்று பேர் கொண்டுவந்தார்களா?” என்று இளைஞர் திருப்பிக் கேட்பதும் வழக்கம். விதையிலிருந்து வளர்ந்த பழைய மரங்கள் ஒரு ஹெக்டருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ ரப்பர் தந்தன. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு மரங்களோ 1,500 கிலோவும் அதற்கு மேலும் தரவல்லன. பிறகு பால் சுரப்பைத் தூண்டும் மருந்தும் வந்தது. வாளியில் உள்ள பாலை மட்டும் நிறுத்துப் பார்த்து, வெட்டியவரின் கைத்திறனை அறிய முடியுமா? பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்டும் கத்தியின் நுட்பம் வாளியில் தெரிவதில்லை. வேறுபட்ட காலத்து வீரர்களை எண்களால் ஒப்பிடுவோரும் மரத்தை மறந்து பாலை மட்டுமே நிறுக்கின்றனர்.

கணினியை விட்டுவிடுவோம், வரலாற்றைக் கொண்டே கணக்கிடலாமே என்பார் உளர். கடையடியிலும் ஒருவர் அவ்வாறே வாதிட்டார். லாரி ஹோம்ஸ் அலியை வென்றார். டைசன் ஹோம்ஸை வென்றார். ஆகவே டைசனே உயர்ந்தவர் என்பது அவர் வாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வயதைப் பாருங்கள். 1980 அக்டோபரில் ஹோம்ஸிடம் தோற்றபோது அலிக்கு வயது 38. பத்துச் சுற்றுகளுக்குப் பின் அவர் தரப்பினரே சண்டையை நிறுத்திவிட்டனர். 1988 ஜனவரியில் டைசனிடம் நான்காம் சுற்றில் வீழ்ந்தபோது ஹோம்ஸுக்கும் வயது 38. இவ்வாறே, அலியைக் கடைசியாக, 1981-இல், வென்றவர் டிரவர் பெர்பிக். அவரை 1986-இல் இரண்டே சுற்றுகளில் வீழ்த்தித்தான் டைசன் இருபதாம் வயதில் பட்டத்தைப் பெற்றார். பெர்பிக்கைச் சந்தித்த அலியோ நாற்பதை நெருங்கிக் கொண்டிருந்தவர். மார்சியானோவின் கதையும் இதுவே. 1951-இல் அவர் ஜோ லூயிஸை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். 1937 முதல் 1949 வரை பட்டம் தாங்கி, 25 முறை அதனைக் காத்த லூயிஸுக்கு அப்பொழுது வயது 37. இளைஞன் ஒருவன் முதியவரை வென்றதைக் கொண்டு இரு காலங்களை அளப்பது நேர்மையாகாது.

சரி, ஒரே காலத்தில் ஒரே வலிமையோடு இருந்தவர்களிடையேனும் இக்கணக்குப் பொருந்துமா? அதுவும் இல்லை. 1971 மார்ச்சில் ஜோ பிரேசியர் அலியைப் புள்ளிக் கணக்கில் வென்றார். 1973 ஜனவரியில் ஜார்ஜ் போர்மன் அந்தப் பிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் தள்ளி வென்றார். இக்கணக்கின்படி போர்மன் முன் அலி நிற்கவே முடியாது. ஆனால் 1974 அக்டோபர் 30-இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் நடந்தது என்ன? கயிற்றின் மீது சாய்ந்து, அடிகளை வாங்கிக்கொண்டே போர்மனைக் களைப்புறச் செய்த அலி, எட்டாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். பிரேசியர் அலியையும், போர்மன் பிரேசியரையும், அலி போர்மனையும் வென்றனர். சங்கிலி என்று நினைத்தது வட்டமாகிவிட்டது. ஒருவரது முறை இன்னொருவருக்குப் பொருந்தும், மூன்றாமவருக்குப் பொருந்தாது.

டைசனின் வாழ்விலும் இத்தகைய பாடம் ஒன்று உண்டு. 1990 பிப்ரவரியில் தோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவரை எதிர்த்து நின்றார். பந்தயக்காரர்கள் டக்ளஸுக்கு 42-க்கு 1 என்று விலை வைத்தனர். பத்தாம் சுற்றில் தரையில் கிடந்து, கழன்று விழுந்த பல்லுறையைத் தேடியவர் டைசன். உயிரோடு கண்முன் நின்ற இருவரைப் பற்றியே உலகம் இவ்வளவு தவறாகக் கணித்தது!

விதிகள் மாறியதையும் குறிப்பிட வேண்டும். 1915-இல் ஹவானாவில் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த சண்டை 45 சுற்றுகளுக்கு ஏற்பாடாகி, 26-ஆம் சுற்றில் முடிந்தது. அலியின் காலத்தில் பட்டச் சண்டை 15 சுற்றுகள். 1982-இல் தென் கொரிய வீரர் ஒருவர் சண்டைக்குப் பின் உயிரிழந்ததையடுத்து அது படிப்படியாக 12 ஆயிற்று. எடையோ இன்னும் பெரிய சிக்கல். மார்சியானோ ஏறத்தாழ 84 கிலோ எடையுடன் சண்டையிட்டவர்; இன்றைய விதிப்படி அவர் கன எடைப் பிரிவுக்கே வரமாட்டார், அதற்குக் கீழ்ப்பட்ட பிரிவில்தான் நிற்பார். கோலாலம்பூரில் நின்ற அலியோ நூறு கிலோவைத் தாண்டியவர். எடையே எல்லாம் என்றும் கூறிவிட முடியாது. 2024 மே மாதம் உக்ரேன் நாட்டு உசிக், தம்மைவிட 15 கிலோவுக்கு மேல் மிகுந்த, ஆறடி ஒன்பது அங்குல டைசன் பியூரியை வென்று காட்டினார்.

ஓட்டப்பந்தயத்தில் இத்தொல்லை குறைவு, கடிகாரம் இருக்கிறது. நம் டாக்டர் எம். ஜெகதீசன் 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்தது. 2017-இல் கைருல் ஹாபிஸ் 20.90 வினாடியில் ஓடி அதனை முறியடித்தார். வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கே வேறுபாடு! மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றுத் தடை குறைவு என்பதையும் சேர்த்து எண்ணினாலும், இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்க முடிகிறது. குத்துச்சண்டைக்கு அத்தகைய கடிகாரம் இல்லை. எதிரே ஒருவர் நின்றால்தான் அளவே பிறக்கிறது.

ஆகவே தம் காலத்தில், தம்மெதிரே வந்தவர்களுள் சிறந்தவர்களை ஒருவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதையே நாம் அளக்க இயலும். இந்த அளவில் நம் கருத்தைக் கேட்டால், அலியின் பக்கமே சாய்வோம். லிஸ்டன், பிரேசியர், போர்மன், நார்ட்டன் என்று அவர் சந்தித்த வரிசைக்கு ஈடான வரிசை வேறு எவருக்கும் வாய்க்கவில்லை. ஆனால் அலி என்று சொல்லும்போதே எந்த அலி என்ற கேள்வி எழுகிறது. 1967 மார்ச்சு முதல் 1970 அக்டோபர் வரை, இருபத்தைந்து முதல் இருபத்தெட்டு வயது வரை, அவர் மேடை ஏறவே இல்லை. இருந்திருக்க வேண்டிய அலியை யாருமே கண்டதில்லை. எந்தக் கணினிக்குள்ளும் அவரை இட முடியாது. திரும்பி வந்தவர் கால்களின் பழைய வேகம் குறைந்து, அடியைத் தாங்கி வெல்லும் வேறோர் அலி. அதன் விலையையும் அவர் கொடுத்தார். 1984-இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. 2016 ஜூன் 3-இல் காலமானார்.

இவற்றையெல்லாம் கடை வாசலில் நின்று இயன்றவரை எடுத்துரைத்தோம். கடைக்காரர் மேசை அறையைத் திறந்து, அவரவர் ஐம்பது வெள்ளியை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தார். பேரன் கைப்பேசியில் கோலாலம்பூர்ச் சண்டையைத் தேடி எடுத்தான். தாத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவனருகே அமர்ந்தார். நாம் வண்டி ஏறும்போது ஐந்தாம் சுற்று நடந்துகொண்டிருந்தது. “பார்த்தாயா, பார்த்தாயா” என்ற பெரியவரின் குரல் தெரு முனைவரை கேட்டது.